சாவி கடலில், கார் கரையில்

வாசகர் கேள்வி – பதில்

பள்ளி விடுமுறை முடிந்த கையோடு வந்த கடிதங்களில் மலேசியாவின் லங்காவித் தீவில் எடுக்கும் வாடகைக் காரைப் பற்றியவை மட்டும் தனியாக ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் தந்திருக்கிறோம். பதில் சொல்பவர்கள் கார் பட்டறையிலும் வாகனக் காப்புறுதியிலும் வேலை செய்பவர்கள்.

குவா படகுத்துறையில் இறங்கியதுமே ஒருவர் சாவியைக் கையில் கொடுத்து, 200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) முன்பணம் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் காரைத் திருப்பிக் கொடுத்தபோது, குனிந்து முன் பம்பரின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கே கீறல்" என்று முன்பணத்தைத் தர மறுத்துவிட்டார். நாங்கள் எங்கும் இடிக்கவில்லை. காரின் நான்கு பக்கமும் எடுத்த படங்கள் கைப்பேசியில் இருக்கின்றன. பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, கிள்ளான்

உங்கள் படங்களில் பம்பரின் அடி தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரியாது என்றே நினைக்கிறோம். நின்ற வாக்கில் நான்கு பக்கமும் எடுக்கும் படத்தில் கதவுகள் அழகாக விழும். தகராறு வருவதெல்லாம் அதில் விழாத இடங்களில்தான்: பம்பரின் கீழ் உதடு, நான்கு ரிம்களின் ஓரம், முன்கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி, கூரை. கார் நிறுத்துமிடங்களில் சக்கரம் தடுக்கப் போட்டிருக்கும் சிமெண்டுக் கட்டையில், மைவி, அக்ஸியா மாதிரி சின்னக் கார்களின் பம்பர் அடி உரசிக்கொண்டேதான் இருக்கும். உங்களுக்கு முன்னால் ஓட்டிய பத்துப் பேரில் யார் உரசினார் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசியாக ஓட்டியவர் தலையில் விடிகிறது, அவ்வளவுதான்.

அடுத்த முறை படம் வேண்டாம், நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். எண் பலகையில் தொடங்கி இடமிருந்து வலமாக ஒரு சுற்று. ஒவ்வொரு மூலையிலும் உட்கார்ந்து, கைப்பேசியை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, பம்பர் அடியையும் ரிம்மையும் காட்டுங்கள். கூரைக்குக் கையை உயர்த்துங்கள். முன்கண்ணாடியை உள்ளே உட்கார்ந்து வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தால்தான் புள்ளி தெரியும். பிறகு இஞ்சினை ஓடவிட்டு மீட்டரைக் காட்டுங்கள்: எண்ணெய் (பெட்ரோல்) அளவு, ஓடிய கிலோமீட்டர், அணையாமல் எரியும் எச்சரிக்கை விளக்கு ஏதாவது இருந்தால் அதுவும். கடைசியாக பின்பெட்டியின் தரைப் பலகையைத் தூக்கி, மாற்றுச் சக்கரம், ஜாக்கி, நட்டுத் திருகும் சாவி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். மழை பெய்து கார் நனைந்திருந்தால் மூலைகளை மட்டுமாவது துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். ஈரத்தில் கீறல் மறைந்துவிடும். வெயிலில் திருப்பிக் கொடுக்கும்போது பல்லைக் காட்டும்.

எடுத்த வீடியோவை அந்த இடத்திலேயே கார்க்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். முக்கியமே இதுதான். உங்கள் கைப்பேசியில் இருக்கும் வரை அது உங்கள் வாய்ச்சொல் மாதிரி. அவர் கைப்பேசிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டால், "அப்போதே பார்த்தேன்" என்று அவரே ஒப்புக்கொண்டதற்குச் சமம்.

இனி உங்கள் 200 வெள்ளி. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிக்கிறார்கள். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய பதிவு ஆகியவற்றை இணையுங்கள். அதற்கு முன்னால் கார்க்காரருக்கு எழுத்தில் ஒரு கேள்வி அனுப்புங்கள்: "பம்பரைப் பழுதுபார்த்த பட்டறை ரசீதை அனுப்புங்கள்." சாயமே அடிக்காத பம்பருக்கு ரசீது வராது. பல தகராறுகள் இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடுகின்றன. முன்பணத்தை இனிமேல் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள்.

வாடகை நிறுவனக் கார் ஒரு நாளைக்கு 120 வெள்ளி என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் தம் சொந்தக் காரையே 70 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், ஈப்போ

வேண்டாம். கார் நன்றாகவே இருக்கலாம், அதன் காப்புறுதியில்தான் ஓட்டை. தனியார் காருக்கு எடுக்கும் காப்புறுதி, அந்தக் காரை வாடகைக்கு விட்டால் செல்லாது என்று பத்திரத்திலேயே அச்சடித்திருக்கும். விபத்து நடந்து, காசு கொடுத்து எடுத்த கார் என்று தெரிந்துவிட்டால், காப்புறுதி நிறுவனம் கோரிக்கையை மறுக்கலாம். அப்போது உங்கள் கார் செலவு, எதிர்க் கார் செலவு இரண்டும் உங்களுக்கும் அந்தத் தெரிந்தவருக்கும் நடுவில் வந்து நிற்கும். நட்பும் அதோடு சரி. வாடகைக்கு விடும் காருக்கு அதற்கென்று உரிமமும், அந்தப் பயன்பாட்டுக்கான காப்புறுதியும் வேண்டும். காப்புறுதிச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பயன்பாடு என்ற இடத்தில் 'செவா பண்டு' (எடுப்பவரே ஓட்டும் வாடகைக் கார்) என்று இருக்க வேண்டும். 'பெர்செண்டிரியான்' என்றிருந்தால் அது வீட்டுக் கார்.

நிறுவனக் காரிலும் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். விபத்தானால் முதலில் என் கையிலிருந்து எவ்வளவு? கார் பட்டறையில் கிடக்கும் நாள்களுக்கும் வாடகை கேட்பீர்களா, எத்தனை நாள் வரை? பலர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். பம்பர் மாற்ற ஆகும் செலவைவிட, உதிரிபாகம் பெருநிலத்திலிருந்து வந்து சேரும் வரை காத்திருக்கும் நாள்களின் வாடகை கூடிவிடுவதும் உண்டு.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் கொடுத்தாக வேண்டும். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்வது அது. காரை ஓட்டியவரே போய்க் கொடுக்க வேண்டும். மச்சான் ஓட்டினார், லைசென்ஸ் பிரச்சினை என்று அக்காள் போய்ப் புகார் கொடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

பந்தாய் செனாங்கில் குளிக்கும்போது மைவியின் ஸ்மார்ட் சாவி கால்சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. அரைமணி நேரம் கடல்நீரில். வெளியே வந்து அழுத்தினால் கதவு திறக்கவில்லை. கார்க்காரர் 800 வெள்ளி கேட்டார். வேறு என்ன செய்திருக்கலாம்?
– வாசகர், ஜொகூர் பாரு

இதே கேள்வியை இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாக.

நனைந்த சாவியின் பொத்தானை அழுத்திப் பார்ப்பதுதான் முதல் தவறு. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். உள்ளே பேட்டரி இருக்கும் வரை, தகட்டிலுள்ள மெல்லிய செம்புக் கோடுகளை அது அரித்துக்கொண்டே போகும். நன்னீரில் விழுந்த சாவி பிழைப்பதும் கடலில் விழுந்தது சாவதும் இதனால்தான்.

செய்ய வேண்டியது: சாவியின் பக்கவாட்டுக் கொக்கியை நகர்த்தி, உள்ளே இருக்கும் சிறிய இரும்புச் சாவியை உருவுங்கள். அதே இடுக்கில் நாணயத்தையோ அந்தச் சாவி முனையையோ வைத்துத் திருகினால் மூடி இரண்டாகப் பிரியும். உள்ளிருக்கும் வட்டப் பேட்டரியை உடனே எடுத்துவிடுங்கள். பிறகு குடிநீர் போத்தலைத் திறந்து, தகட்டின் இருபுறமும் நீரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். ஏற்கெனவே நனைந்ததுதான், இன்னொரு தடவை நனைவதால் கெடாது. உப்பு தங்கினால்தான் கெடும். உதறி, துணியால் ஒற்றி, நிழலில் காற்றுப்பட வையுங்கள். டாஷ்போர்டு வெயிலும் வேண்டாம், முடி உலர்த்தும் சாதனமும் வேண்டாம், பிளாஸ்டிக் வளையும். அரிசிப் பானைக்குள் புதைப்பது உப்பை எடுக்காது, சாவிக்குள் மாவுதான் போகும்.

பேட்டரி இல்லாமலே கார் ஓடும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த இரும்புச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறங்கள். அலாரம் அலறினால் அலறட்டும். பிரேக்கை மிதித்தபடி, ஸ்மார்ட் சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடியுங்கள். 'பீப்' சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்துங்கள். திருட்டுத் தடுப்பு சில்லுக்கு வேண்டிய சக்தி பொத்தானைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளிலிருந்தே வருகிறது. சாவிப் பேட்டரிக்கு அதில் பங்கில்லை. சில்லு சாகாமல் இருந்தால் கார் கிளம்பும். தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்து, மறுநாள் புதுப் பேட்டரி போட்டுப் பார்க்கலாம். அதன் விலை சில வெள்ளிதான்.

கார் கிளம்பவே இல்லையென்றால், அல்லது சாவி கடலோடு போய்விட்டதென்றால், கண்ணாடியை உடைக்க ஆள் தேடாதீர்கள். கார்க்காரரிடம் மாற்றுச் சாவி எங்கே என்று கேளுங்கள். அது தீவிலேயே இருந்தால் ஒரு மணி நேர வேலை. பெருநிலத்திலுள்ள அலோர் ஸ்டாரில் இருந்தால், குவாலா கெடாவிலிருந்து படகில் வர வேண்டும். அதுவே இரண்டு மணி நேரத்துக்கு அருகில். வெள்ளிக்கிழமையானால் இன்னும் சிக்கல்: லங்காவி சேர்ந்த கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், பட்டறைக் கதவு சாத்தியிருக்கும். ஞாயிறு அங்கே வேலை நாள். 800 வெள்ளி நியாயமா என்றால், புதுச் சாவியை வாங்கி, காரின் கணினியில் பதிவு செய்து, பழைய சாவியை நீக்குவது வரை சேர்த்து பில் காட்டினால் கொடுங்கள். பில் இல்லாமல் சொல்லும் தொகை வெறும் வாய்க்கணக்கு.

சாவிக்கு நீர்புகாப் பை வாங்குவீர்களானால், முதல் நாள் இரவே தங்குமிட வாளியில் சோதியுங்கள். உள்ளே ஒரு டிஷ்யூத் தாளை மட்டும் வைத்து மூடி, பத்து நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். தாள் ஒரு மூலையில் ஈரமானாலும் அந்தப் பை போத்தல் மூடி வைக்கத்தான் லாயக்கு. இதைவிட நல்ல வழி, குளிக்காமல் கரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கைப்பை.

குனுங் ராயா உச்சிக்குப் போய் இறங்கும்போது பாதி வழியில் கருகிய வாடை வந்தது. பிரேக்கை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பெரியவர்கள் ஐந்து பேர். எப்படியோ இறங்கிவிட்டோம். "பிரேக் பேட் முழுவதும் தேய்த்துவிட்டீர்கள்" என்று காசு கேட்கிறார் கார்க்காரர்.
– வாசகர், பட்டர்வொர்த்

இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன.

குனுங் ராயா 881 மீட்டர், லங்காவியிலேயே உயரமானது. உச்சி வரை தார்ச்சாலை இருப்பதால் சாதாரண மலை மாதிரி தோன்றும். ஐந்து பேர் ஏறிய சின்னக் காரைச் சாதாரண ஓட்டக் கியரான 'டி'யிலேயே வைத்து, கீழே வரும் வரை பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால், கார் இறங்கும் ஆற்றல் சூடாக மாறி, பெரும்பகுதி முன்சக்கரங்களின் இரண்டு பிரேக் வட்டுகளில் இறங்குகிறது. பேட் சூடேறிப் பிடிமானத்தை இழப்பது ஒன்று. பஞ்சு மாதிரி உள்ளே போனது இன்னொன்று, அதைவிட மோசம்: பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது. டாட் 3 என்ற வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸில் கொதிக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இழுத்துப் பழசானால் 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். கொதித்தால் ஆவிக்குமிழ். எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம்; அதனால்தான் உங்கள் கால் உள்ளே போனது, சக்கரம் நிற்கவில்லை.

இறங்கத் தொடங்கும் முன்பே, வேகம் குறைவாக இருக்கும்போது, கியரைத் தாழ்த்துங்கள். சில கார்களில் '2', 'எல்' என்றிருக்கும், சிலவற்றில் 'எஸ்' அல்லது 'B'. இஞ்சின் கொஞ்சம் உறுமும், கெடாது. பிரேக்கை அழுத்தமாகச் சில விநாடி மிதித்து வேகத்தை இறக்கிவிட்டு, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே வருவதுதான் கருக வைப்பது. வாடை வந்தால் ஒதுங்கி அரைமணி நேரம் நிறுத்துங்கள். கியரை நிறுத்தத்துக்கான 'P'யில் போட்டு, சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் கல் வையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, வட்டு கோணிக்கொள்ளும்.

இனிக் கணக்கு. ஒரு மலை இறக்கத்தில் புது பேட் தீர்ந்துவிடாது. புதிதில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். கழற்றிய பழைய பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். இரும்பு வரை தேய்ந்து, வட்டிலும் பள்ளம் விழுந்திருந்தால், அது உங்களிடம் வரும்போதே முடிந்துபோன பேட். தடிமன் இருந்தும் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கி, வட்டு நீலம் பாய்ந்திருந்தால், அதில் உங்கள் காலுக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பத்துப் பேர் ஏறும் டீசல் வேனில் தவறுதலாக 12 லிட்டர் பெட்ரோல் ஊற்றிவிட்டோம். "மீதிக்கு டீசல் ஊற்றி ஓட்டினால் சரியாகிவிடும்" என்றார் அங்கே நின்றிருந்த ஒருவர். உண்மையா?
– வாசகி, சிரம்பான்

முப்பது வருடத்துக்கு முந்தைய வேனாக இருந்தால் அவர் சொன்னது ஓரளவு பலித்திருக்கும். இப்போதைய வேனில் அது இஞ்சினுக்குக் கொள்ளி. இவற்றின் உயர் அழுத்தப் பம்புக்கு டீசலேதான் மசகு எண்ணெய். பெட்ரோலுக்கு அந்த வழுவழுப்பு கிடையாது. பம்பின் உள்சுவர் உராய்ந்து இரும்புத் தூள் உதிரும், அது குழாய் வழியே ஓடி டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் போய் அடைக்கும். தொட்டியைக் காலி செய்வதோடு போயிருக்க வேண்டிய செலவு, பம்பும் நான்கு இன்ஜெக்டரும் மாற்றுவது வரை போய்விடும்.

ஊற்றும்போதே தெரிந்துவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். 'ஆன்' வரை திருப்பினாலே சில வேன்களில் தொட்டியிலுள்ள பம்பு எண்ணெயைத் தள்ளத் தொடங்கிவிடும். கியரை 'என்'னுக்கு மாற்ற முடிந்தால் தள்ளி ஓரங்கட்டுங்கள், இல்லையென்றால் இழுவை வண்டி. தொட்டியை முழுக்க வடித்து, டீசல் வடிகட்டியை மாற்றி, குழாயில் புது டீசலை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். வேனை ஓட்டிய பிறகு தெரிந்தால், அந்த இடத்திலேயே அணையுங்கள். "தங்குமிடம் பக்கம்தான்" என்று நினைக்காதீர்கள். இந்தச் செலவைக் காப்புறுதி பொதுவாக ஏற்காது, ஊற்றியவர் கையிலிருந்துதான். மறுபக்கம், டீசல் குழாயின் மூக்கு பொதுவாகப் பெரிது, பெட்ரோல் காரின் வாயில் எளிதில் நுழையாது. ஆகவே தவறு பெரும்பாலும் டீசல் வண்டிக்குத்தான் நடக்கும். வேனை வாங்கியதும் சாவி வளையத்தில் 'டீசல்' என்று எழுதி ஒரு ஒட்டுத்தாளைச் சுற்றிவிடுங்கள்.

பினாங்கில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்து, அங்கிருந்து எல்லோரும் லங்காவி போகிறோம். என் இந்திய லைசென்ஸ் போதுமா?
– வாசகர், மதுரை

படகுத்துறையில் இந்திய லைசென்ஸைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுப்பவர்கள் உண்டு. கொடுப்பது வேறு, சட்டம் வேறு. விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது லைசென்ஸைத்தான். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எடுத்து வந்துவிடுங்கள்: படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். மூல லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும்.

நம் ஊர் மாதிரியே இடப்பக்கம் ஓட்டுவதால் சுலபம் என்று நினைத்து மாட்டிக்கொள்வது இரண்டு இடங்களில். சிவப்பு விளக்கில் 'ஃப்ரீ லெப்ட்' இங்கே கிடையாது. இடப்பக்கத்துக்கென்று தனிப் பச்சை அம்பு எரிந்தால்தான் திரும்பலாம். வட்டச் சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் வழி, ஹாரன் அடித்து நுழைகிற பழக்கம் இல்லை. பலகையில் 'ஆவாஸ்' என்றால் எச்சரிக்கை, 'பெரி லாலுவான்' என்றால் வழிவிடு, 'ஜாலான் செஹாலா' என்றால் ஒருவழி.

பெட்ரோல் விலையும் இப்போது ஆளுக்கேற்ப மாறும். 2025 செப்டம்பர் 30 முதல், மைகார்ட் என்ற அடையாள அட்டையைக் காட்டும் மலேசியருக்குத்தான் ரோன் 95 வகைப் பெட்ரோல் மானிய விலையில். சலுகை காருக்கல்ல, ஆளுக்கு. தங்கை கணவர் வாடகைக் காரை ஓட்டினாலும் அவர் அட்டை செல்லும்.

எண்ணெய் மீட்டரில் ஒரே ஒரு கட்டத்தோடு காரைத் தந்தார்கள். பயந்து முழுத் தொட்டி நிரப்பினோம். திருப்பித் தரும்போது பாதிக்கு மேல் மிச்சம். பணம் போனதுதானா?
– வாசகர், சிங்கப்பூர்

போனதுதான். தீவு சின்னது. நாளெல்லாம் சுற்றினாலும் 100 கிலோமீட்டரைத் தாண்டுவது கடினம், மைவிக்கு அதற்கு ஏழெட்டு லிட்டர் போதும். நாளுக்கு அந்த அளவே ஊற்றுங்கள். ஒரே ஒரு ஜாக்கிரதை: வடக்கே தஞ்சோங் ரூ, டத்தாய் பக்கம் போகிற நாளில் குவாவிலோ விமான நிலையப் பக்கத்திலோ நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

கடற்கரை மணலில் முன்சக்கரம் புதைந்துவிட்டது. முடுக்க முடுக்க இன்னும் கீழே போனது.
– வாசகி, சுங்கைப் பட்டாணி

முடுக்கியதால்தான் போனது. எல்லோரையும் இறக்கிவிடுங்கள். முன்சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலைத் தோண்டிச் சரிவாக்கி, தரைவிரிப்புகளை அடியில் திணித்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி மெல்ல எடுங்கள். திருப்பிய ஸ்டியரிங்கை நேராக்கிவிட்டு எடுக்க வேண்டும். வெளியே வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சாலையை விட்டு மணலில் இறக்கியதால் வரும் சேதத்தை வாடகை ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. அலை ஏறும் நேரமாக இருந்தால் தோண்டிக்கொண்டிருக்காமல் கார்க்காரரை உடனே கூப்பிட்டுவிடுங்கள்.

இரவில் எருமைகள் சாலையில் நிற்கின்றன என்று பயமுறுத்துகிறார்கள். மெய்யா?
– வாசகர், தைப்பிங்

மெய்தான். மாடும் உண்டு, எருமையும் உண்டு. மழைக்குப் பிறகு, சூடு தணியாத தாரில் படுத்தே கிடக்கும். கறுப்புச் சாலையில் கறுப்பு எருமை. தலையைத் திருப்பினால்தான் கண் மின்னும். வயலோரச் சாலைகளில் இருட்டியபின் 50ஐத் தாண்ட வேண்டாம். ஒன்று கடந்துவிட்டால் உடனே கிளம்பாதீர்கள், பின்னால் கன்று வரும். இடித்துவிட்டால் அதுவும் விபத்துதான். 24 மணி நேரப் புகார் அதற்கும் உண்டு.